நான்காம் படியில் மைத்துனர்

பிழை பார்ப்பதுதான் என் வேலை. அடுத்தவர் எழுதியதில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் என்று என் அக்கா ஊரெல்லாம் சொல்வாள். சம்பளமே வாங்காமல் அதே வேலையை அவள் என்னிடம் முப்பத்தெட்டு வருடமாகச் செய்துவருகிறாள். இதை நான் அவளிடம் சுட்டிக்காட்டியதில்லை. எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

வீட்டுச் சாமான்களை நாமே பழுதுபார்ப்பது எப்படி என்று கைபேசியில் சொல்லிக்கொடுப்பது எங்கள் நிறுவனத்தின் தொழில். மாதச் சந்தா கட்டினால் போதும், ஒழுகும் குழாயிலிருந்து உறுமும் குளிர்சாதனப் பெட்டி வரைக்கும் படிப்படியாக விளக்கம் வந்துவிடும். எங்கள் வழக்கம் கொஞ்சம் விசித்திரமானது. முதலில் வெளியிட்டுவிடுவோம், பிழையைப் பிறகு பார்ப்போம். ஏன் என்று மேலாளரைக் கேட்டேன். "வாசகர் காத்திருக்க மாட்டாரு, பிழை காத்திருக்கும்" என்றார் அந்த அம்மா, பூப்போல. அவர் எதையும் பூப்போலத்தான் சொல்வார். ஆளை வேலையை விட்டு அனுப்பும்போதும் அப்படித்தான்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் என் மேசைக்கு வந்தது, வாஷிங் மெஷினில் பெல்ட் மாற்றுவது பற்றிய கட்டுரை. வெளியாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. எழுதியவன் மின்னல். அது அவன் பெயரில்லை, வேகம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கட்டுரை எழுதித் தள்ளுவான். வாஷிங் மெஷினின் முன்பக்கத்தையே அவன் ஒழுங்காகப் பார்த்ததில்லை, அவன் துணிகளை இன்றைக்கும் அவன் அம்மாதான் துவைக்கிறார்.

சிவப்புப் பேனாவைத் திறந்து படித்துக்கொண்டே வந்தேன். நான்காவது படியில் பேனா நின்றுவிட்டது.

"4. துணைவியின் உடன்பிறந்தவர் இல்லத்தில் இருக்கும் பட்சத்தில், சலவை இயந்திரத்தின் பின்புறத் தகட்டை அகற்றும் முன் அவரை வெளியேற்றவும்."

இருபது வருடமாகப் பிழை பார்க்கிறேன். காற்புள்ளி பிழை பார்த்திருக்கிறேன், கணக்குப் பிழை பார்த்திருக்கிறேன். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. எழுந்து மின்னலிடம் போனேன்.

"இது என்னடா?"

"எது?"

"நாலாவது படி."

எட்டிப் பார்த்தான். "பாதுகாப்பு நடவடிக்கை" என்றான், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

"மச்சினனை வீட்டை விட்டுத் துரத்துறதுல என்னடா பாதுகாப்பு?"

"கரண்ட் வேலை இல்லையா? குடும்பத்து ஆளுங்க பக்கத்துல நிக்கக் கூடாது."

"அப்ப பொண்டாட்டி நிக்கலாமா?"

"அதப் பத்தி மூலத்துல ஒண்ணும் சொல்லலயே" என்றவன், சொன்னது காதில் விழுந்ததும் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டான்.

"என்ன மூலம்?"

"சும்மா... இணையத்துல கிடந்துச்சு."

"கிடந்துச்சா? மழையில நனைஞ்சுக்கிட்டா கிடந்துச்சு, பாவம் பாத்து எடுத்துட்டு வந்தியா?"

கொஞ்சம் முனகிவிட்டுத் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான். பழுதுவேலை தெரிந்தவர்கள் இலவசமாக எழுதுகிற ஒரு பொதுத்தளம் அது. அதில் 'ஈரக்கை' என்ற பெயரில் யாரோ பதினோரு வருடமாக எழுதிவருகிறார். மின்னல் செய்தது இவ்வளவுதான்: ஈரக்கை எழுதியதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேறொரு சொல் போட்டு, படிகளை முன்பின்னாகக் கலைத்துவிட்டான். அப்படிச் செய்தால் நகலைக் கண்டுபிடிக்கும் மென்பொருளிடம் மாட்டாது. மச்சினன் துணைவியின் உடன்பிறந்தவரானது இப்படித்தான்.

மூலத்தைப் படித்தேன். பேசுவதுபோலவே எழுதியிருந்தது:

"நாலாவதா, வீட்ல மச்சினன் இருந்தா, பின்னாடி தகட்டைக் கழட்டுறதுக்கு முன்னால அவனைக் கடைக்கு அனுப்பிடுங்க. லேசுல கிடைக்காத சாமானா பாத்து வாங்கிட்டு வரச் சொல்லுங்க. எங்க வீட்டுக்கு ஒருத்தன் வருவான், படிச்சவன். கழட்டின ஸ்க்ரூவையெல்லாம் கழட்டின வரிசையிலயே பேப்பர்ல வச்சுட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா எல்லாத்தையும் நீளவாரியா அடுக்கி வச்சிருக்கான். பாக்க ரொம்ப அழகா இருந்துச்சு. நீளமானது கட்டையானதோட ஓட்டையில போய், உள்ள இருக்குற தொட்டியில பொத்தல் விழுந்துச்சு. கீழ்வீட்டுக் கூரை நாலு நாள் ஒழுகுச்சு."

என் காது சுட்டது. அந்தப் படித்தவன் நான்தான்.

எட்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. என் அக்காவின் கணவர், அதாவது மாமா, வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பவர். தினமும் ஊரார் மெஷினைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டு மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தார். செய்தித்தாளின்மேல் பதினான்கு ஸ்க்ரூக்கள் நெட்டையும் குட்டையுமாகக் கிடந்தன. என் கண்ணுக்கு அது பிழையாகத் தெரிந்தது, திருத்தினேன். அவ்வளவுதான் என் குற்றம். அன்றிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'திருத்தம்' என்றுதான் கூப்பிடுகிறார். அக்காவின் பிள்ளைகள்கூடத் 'திருத்தம் மாமா' என்கின்றன.

அது வீட்டோடு முடிந்த கதை என்று நம்பியிருந்தேன். உலகமே படித்திருக்கிறது. கீழே நானூறு பேர் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர், "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு" என்று எழுதியிருந்தார்.

சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். பேருந்தில் நின்றுகொண்டே என்னென்ன கேட்பது என்று வரிசைப்படுத்தினேன். முதலில் மானம், அடுத்து மரியாதை, கடைசியாகக் கீழ்வீட்டுக் கூரை நாலு நாள் ஒழுகவில்லை, இரண்டு நாள்தான் என்ற உண்மை.

அக்காதான் கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தவுடனே, "சண்டைக்கு வந்திருந்தா நாளைக்கு வா. இன்னைக்கு அவரு அதுக்கெல்லாம் தாங்க மாட்டாரு" என்றாள்.

மாமா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. நாள் முழுக்கத் தண்ணீரில் இருந்து விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. எதிரில் பழைய மடிக்கணினி. ஒரே ஒரு கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா திருத்தம்" என்றார். அதில் வழக்கமான கிண்டல் இல்லை.

கடிதத்தைப் படித்தேன். பொதுத்தளத்தை நடத்துகிறவர்கள் எழுதியிருந்தார்கள். பெல்ட் மாற்றுவது பற்றிய உங்கள் கட்டுரை பிறருடைய படைப்பின் நகல் என்று புகார் வந்திருக்கிறது, ஏழு நாளுக்குள் அது உங்களுடையதுதான் என்று நிரூபிக்காவிட்டால் உங்கள் பக்கம் முழுவதும் மூடப்படும். புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் என் நிறுவனத்தின் பெயர் இருந்தது.

எப்படி நடந்திருக்கும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. சொற்கள் மாறியிருந்தாலும் பொருளில் எங்கள் கட்டுரைகளைப் போல வேறெங்காவது இருந்தால் தேடிப்பிடித்துப் புகார் அனுப்ப இன்னொரு மென்பொருள் வைத்திருக்கிறோம். மின்னல் திருடியது மாமாவிடம். திருடன் என்று எங்கள் மென்பொருள் கைகாட்டியதும் மாமாவைத்தான்.

"தேதி இருக்கே மாமா? நீங்க எழுதி வருஷக்கணக்கா ஆச்சே?"

"அதான் தப்பு பண்ணிட்டேன்" என்றார். "யாராவது எதாவது கேட்டா, அதையும் சேத்துத் திருத்தி வச்சுருவேன். போன மாசம்கூட ஒருத்தரு கேட்டாருன்னு ரெண்டு வரி மாத்தினேன். கடைசியா மாத்தின தேதிதான் மேல காட்டுது, கீழ வர்ற கேள்விக்குத் தேதியே கிடையாது. அதப் பாத்தா உங்களுதுதான் பழசு, என்னுது புதுசு."

பதினோரு வருடத்தில் முந்நூற்று நாற்பது கட்டுரைகள். ஒவ்வொன்றின் கீழும் முகம் தெரியாதவர்களின் கேள்விகள். தண்ணீர் இறங்கலை, மெஷின் நடக்குது, கதவு திறக்கலை, உள்ள பூனை மாதிரி கத்துது. ஒன்று விடாமல் பதில் எழுதியிருந்தார். வேலை முடிந்து வந்து, சாப்பிட உட்காருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் அவர் கணினியில் சீட்டு விளையாடுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். குடும்பத்தில் சொல்லிக்கூடக் காட்டியிருக்கிறேன்.

"காசு கேட்டேனா நான்?" என்றார். "பேரு போடலன்னா போகட்டும். நான் திருடினேன்னு எழுதிருக்காங்கப்பா."

சொன்னால் வெட்கக்கேடுதான், ஆனால் சொல்கிறேன்: கோபத்தைச் சுமந்துகொண்டு வந்தவனுக்கு அதை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை. எங்கள் கட்டுரையை என் கைபேசியில் திறந்து அவரிடம் நீட்டினேன். 'துணைவியின் உடன்பிறந்தவர்' வந்ததும் உதடு லேசாகக் கோணியது. அதற்கும் கீழே போனதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"எவன் இந்த வரிசையை மாத்தினது?"

"எதை மாமா?"

"ப்ளக்கைப் புடுங்குறது ஏழாவது படியா? நான் முதல் படியா எழுதினது! ஏழாவது வரும்போது கை உள்ள இருக்கும்பா. முழங்கை வரைக்கும் உள்ள இருக்கும்!" கைபேசியைத் திருப்பி என்னிடமே நீட்டினார். "கீழ கேள்வி கேக்க இடம் வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"எழுதினவன் யாருன்னு இருக்கா?"

"நிபுணர் குழுன்னு இருக்கு."

"அப்ப சந்தேகம் வந்தா யாரைப் போய்க் கேப்பாங்க?"

வரிசையைக் கலைத்தால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் என்னைத் தவிர வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? அங்கேயே நின்று மின்னலைக் கூப்பிட்டேன். ப்ளக்கை முதல் படிக்குக் கொண்டுவராவிட்டால் நாளைக்கு அவன் கையை ஏழாவது படியில் வைப்பேன் என்றேன். இரண்டு நிமிடத்தில் மாற்றிவிட்டான். பெயருக்கேற்ற பிள்ளைதான்.

கேட்டுக்கொண்டே நின்ற அக்கா, "இது உங்க ஆபீஸா?" என்றாள்.

"ஆமா."

"நீ பிழை பாக்குற ஆபீஸ்?"

"ஆமாக்கா."

"அப்ப இத பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பழைய கோப்பு இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வாராந்தரக் கூட்டம். பன்னிரண்டு பேர், ஒரு நீள மேசை, நடுவில் ஒரு தட்டு பிஸ்கட். அந்தக் கூட்டத்தில் என்னைப் பார்த்துப் பயப்படாத ஆள் கிடையாது. என் சிவப்புப் பேனாவால் அழாதவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும்தான். அந்தப் பயத்தை வருடக்கணக்காகச் சேமித்து வைத்திருந்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். மின்னல் பிஸ்கட் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மேலாளர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"வருத்தமாத்தான் இருக்கு. கட்டுரைக்குக் கீழ 'நன்றி: இணையம்'னு ஒரு வரி சேத்துடலாமா?" என்றார், பூப்போல.

"இணையம் எழுதல மேடம். ஒரு மனுஷன் எழுதினாரு."

"சரி. அந்த ஈரக்கை உங்க மாமான்னே வச்சுக்குவோம். அவரு நம்மளப் பாத்து எழுதலன்னு எப்படித் தெரியும்? தேதிப்படி நம்மதுதான் முன்னாடி. நீங்க சொந்தக்காரரு. சொந்தக்காரருக்காகப் பேசத்தானே செய்வீங்க. இது அவரு சொந்த அனுபவம்ங்கறதுக்கு ஒரு அத்தாட்சி வேணுமில்ல?"

அந்தக் கோப்பிலிருந்து அக்கா எடுத்துக் கொடுத்த காகிதம் என் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்தால் என்ன ஆகும் என்று தெரியும். இனி யாருடைய கட்டுரையில் சிவப்புக் கோடு போட்டாலும், 'ஸ்க்ரூ அடுக்கினவன்தானே நீ' என்று ஒரு பார்வை வரும். எடுக்காவிட்டால், ஆறு நாளில் மாமாவின் முந்நூற்று நாற்பது கட்டுரைகளும் காணாமல் போகும். திருட்டுப் பட்டம் மட்டும் மிஞ்சும். ஒரு பிஸ்கட்டை எடுத்து முழுவதும் மென்று விழுங்கினேன். தைரியத்துக்கு அல்ல, நேரத்துக்கு.

"நாலாவது படியில வர்ற மச்சினன் நான்தான்" என்றேன்.

கணக்காளருக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை என்பது சீக்கிரமே எல்லாருக்கும் தெரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். பதினான்கு ஸ்க்ரூ, நீளவாரியாக அடுக்கியது, மாமா டீ குடித்துவிட்டு வந்து எது எந்த ஓட்டைக்கு என்று பார்க்காமல் பூட்டியது, தொட்டியில் பொத்தல், கீழ்வீட்டுக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தது. பிறகு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். என் அக்கா எனக்கு எதிராகப் பயன்படக்கூடிய எந்தக் காகிதத்தையும் வீசி எறிந்ததில்லை. கீழ்வீட்டுக் கூரைக்கு மறுபடி வெள்ளையடித்த செலவு என் பணம். அதற்குக் கீழ்வீட்டுக்காரர் கைப்பட எழுதிக் கொடுத்த ரசீது அது. எட்டு வருடத்துக்கு முந்தைய தேதி. 'மேல்வீட்டுக்காரரின் மைத்துனர், வாஷிங் மெஷின் ஸ்க்ரூக்களை நீளப்படி அடுக்கிய காரணத்தால் ஏற்பட்ட கசிவுக்காகப் பெற்றுக்கொண்ட தொகை' என்று தெளிவாக எழுதியிருந்தார். ஓய்வு பெற்ற நீதிமன்ற எழுத்தர் அவர். ஒரு வார்த்தையில்கூட எனக்குத் தப்பிக்க வழி வைக்கவில்லை.

மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இந்த மாதிரி ஒண்ண யாராலயும் கற்பனை பண்ண முடியாது" என்றார். "புகாரை இன்னைக்கே திரும்ப வாங்கிடுறேன். உங்க மாமாவை வரச் சொல்லுங்க. பேரும் போடுவோம், காசும் கொடுப்போம்."

வியாழக்கிழமை மத்தியானம் மாமா வந்தார். கருவிப் பையோடுதான் வந்தார், அடுத்து ஒரு வீட்டுக்குப் போக வேண்டுமாம். கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மேலாளர் ஒப்பந்தத்தை வாசித்தார். எழுதியவர் பெயர் கட்டுரைக்கு மேலே வரும். எத்தனை பேர் படிக்கிறார்களோ அதற்கேற்ப மாதாமாதம் பணம் வரும். மாமாவின் பொதுத்தளப் பக்கம் எப்போதும்போல இலவசமாகவே இருக்கும்.

"என்ன பேரு போடணும்?"

"ஈரக்கைன்னே போடுங்க. கேள்வி கேக்குறவங்களுக்கு அந்தப் பேருதான் தெரியும்."

"சரி. ஒரே ஒரு விஷயம். நாலாவது படியை மட்டும் எடுத்துரலாமா? காசு கட்டிப் படிக்கிறவங்க, கொஞ்சம் கண்ணியமா இருந்தா நல்லாருக்கும்."

"நல்ல யோசனை" என்றேன் நான், யாரும் கேட்காமலேயே.

மாமா என்னைப் பார்க்கவில்லை. "ப்ளக்கைப் புடுங்கணும்னு எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த கடைக்காரரு சொன்னாரு" என்றார். "குழாயை மூடணும்னு மெஷினோட வர்ற புத்தகத்துலயே இருக்கு. மிச்சத் தண்ணிய எடுக்கறதுக்கு முன்னால ஃபில்டரைப் பாக்கணும்னு சொன்னது ஒரு அம்மா. என் கட்டுரைக்குக் கீழ எழுதியிருந்தாங்க, எனக்கே அதுவரைக்கும் தெரியாது. பெல்ட்டைத் திருப்பிப் போடுற விதம் இன்னொருத்தரு சொன்னது. எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுப் பாத்தா, அதுல என் சொந்தச் சரக்கு நாலாவது படி ஒண்ணுதான். அத எடுத்துட்டு என் பேரைப் போட்டா எப்படிம்மா?"

மாமா கருவிப் பைக்குள் கைவிட்டு, ஸ்பேனருக்கும் டேப்புக்கும் நடுவிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். எந்தப் படியை யார் சொன்னார்கள் என்று எழுதியிருந்தது. பெயர் தெரியாதவர்களுக்கு அவர்கள் தளத்தில் வைத்திருந்த பட்டப்பெயர். ஒவ்வொருவரையும் பழைய பதில்களில் தேடி எடுத்திருக்கிறார். அவர்கள் பெயரும் வர வேண்டும், பணத்தில் அவர்களுக்கும் பங்கு போக வேண்டும் என்றார்.

"கட்டுரையை விடப் பேரு நீளமா இருக்கே!" என்றார் மேலாளர்.

"சின்ன எழுத்துல போடுங்கம்மா. கண்ணு தெரியறவங்க படிச்சுக்கட்டும்."

பழக்க தோஷம், நான் காகிதத்தை வாங்கிப் பிழை பார்க்க ஆரம்பித்தேன். முதல் படி, கடைக்காரர். மூன்றாம் படி, ஃபில்டர் அம்மா. கீழே வந்தபோது பார்வை ஓரிடத்தில் நின்றுவிட்டது. 'நான்காம் படி: ஈரக்கையும் திருத்தமும்' என்று இருந்தது.

"மாமா, இது எதுக்கு?"

"நான் மட்டும் இருந்தா அந்தப் படி வந்திருக்குமா? நீ அடுக்குன. நான் எது எங்கன்னு பாக்காம பூட்டுனேன். ரெண்டு பேருக்கும் சரிபாதி."

எட்டு வருடமாக அந்தத் தப்பு முழுவதும் என்னுடையது என்று நினைத்திருந்தேன். அவருக்கும் அதில் பாதி உண்டு என்று அவர் நினைத்திருப்பார் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. காகிதத்தின் ஓரத்தில் வழக்கம்போல என் முதலெழுத்தைப் போட்டு, பிழை இல்லை என்று எழுதி மேலாளரிடம் கொடுத்தேன்.

மின்னலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். அவனுடைய பழைய கட்டுரைகள் ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து எடுத்தான், யார் எழுதியது என்று தேடிப் பெயர் சேர்க்கும் வேலையை மேலாளர் அவனிடமே கொடுத்துவிட்டார், பூப்போல. ஒரு கட்டுரைக்கு அரை நாள் ஆகிறதாம். பட்டப்பெயரை மாற்றிவிடலாமா என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து முதல் பணம் வந்தது. பங்கு பிரித்ததில் எனக்கு வந்ததை வைத்து ஒரு வாஷிங் மெஷின் பெல்ட் வாங்கலாம். சரியாகச் சொன்னால், ஒரு பெல்ட்டும் இரண்டு டீயும். அந்தப் பெல்ட்டையே வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர்கள் மெஷின் ஒரு வாரமாகச் சுற்றாமல் நின்றுவிட்டது என்று அக்கா சொல்லியிருந்தாள். ஊரார் மெஷினையெல்லாம் பார்க்கிறவருக்குச் சொந்த மெஷினைப் பார்க்க நேரமில்லை.

பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவால்லயே, சரியான அளவுதான்" என்றார் மாமா. மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்தினார். ப்ளக்கைப் பிடுங்கினார். குழாயை மூடினார். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு மிச்சத் தண்ணீரை வாளியில் பிடித்தார். பிறகு தரையில் செய்தித்தாளை விரித்தார்.

நான் செருப்பைத் தேடினேன்.

"எங்க கிளம்பிட்ட?"

"கடைக்கு மாமா. நாலாவது படி."

"அது படிக்கிறவங்களுக்குப்பா" என்றார், ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டே. "எழுதினவங்களுக்கு இல்ல. வந்து உக்காரு."

செருப்பை விட்டுவிட்டுச் செய்தித்தாளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் ஸ்க்ரூவைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதைத் தாளின் இடது ஓரத்தில் வைத்தேன். இரண்டாவது ரொம்ப நீளமாக இருந்தது, மூன்றாவது குட்டை. இடம் மாற்றப் போன விரலை இழுத்துக்கொண்டேன். அக்கா சமையலறை வாசலில் நின்று என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கையும் அவர் கொடுத்த வரிசையிலேயே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.